நான் என்று சொன்னவன் நானில்லை

பழவேற்காடு, கோட்டை வாசலுக்கு எதிரே, புங்கமர நிழல்.
ஆவணி மாதம், காற்று திரும்பாத ஒரு காலை.

எனக்குத் தகப்பனுக்குச் சமானமாய்த் தரங்கம்பாடியில் வீற்றிருக்கும் மாசிலாமணி மாமா அவர்கள் பாதங்களுக்கு, மருமகன் நாகப்பன் நெற்றி தரையில் பட விழுந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் உப்புக்காற்றும் கொசுவும் நானும் சௌக்கியம். அவ்விடம் மாமாவும் அத்தையும் பசுவும் கன்றும் கிணற்று நீரும் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

எண்ணெய் மண்டியில் கணக்கெழுத ஆள் வேண்டும், பெண்ணும் பார்த்தாகிவிட்டது, புறப்பட்டு வா என்று எழுதியிருந்தீர்கள். வருகிறேன் மாமா. தெற்கே போகும் அடுத்த தோணியில் ஏறிவிடுவேன். கரைக்கு வண்டி அனுப்புங்கள், உதைக்காத மாடாகப் பார்த்து. இந்த ஊரில் எனக்கு இனி ஒன்றுமில்லை. ஏன் இல்லை என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு அத்தையிடமும் சொல்லுங்கள்.

நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று அத்தை கேட்டிருந்தார். வாயை வாடகைக்கு விடுகிறேன். ஒல்லாந்தர் கோட்டைக்குள் சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு பாஷையும் பேசும் துபாஷி வேறு ஆள். நான் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன், யார் கூப்பிட்டாலும் போவேன். சிப்பாய் மீன் வாங்க வந்தால் சிப்பாயின் வாய் நான், மீன்காரி திட்டினால் மீன்காரியின் வாயும் நான்தான். அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்று இழுக்காதே, அவரே பேசுவது போல 'நான்' என்றே சொல் என்று நாகப்பட்டினத்தில் எனக்கு ஒல்லாந்தர் பாஷை கற்பித்தவர் சொல்லியிருந்தார். அதன்படியே நாள் முழுக்க நான், நான் என்கிறேன், அந்த நானில் நான் மட்டும் இல்லை. பசியாவரத்து இறால்காரியிடம் ஒரு சிப்பாய் தன் பெண்சாதி ஒல்லாந்தில் காத்திருக்கிறாள் என்று அழுதான். நானும் மனமுருகி, "என் பெண்சாதி ஒல்லாந்தில் காத்திருக்கிறாள்" என்றேன். சாயங்காலத்துக்குள் எனக்கு ஒல்லாந்தில் வெள்ளைக்காரப் பெண்சாதி இருப்பது ஏரிக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. கோட்டைக்குப்பத்துத் தலையாரி திருவேங்கடத்தின் தங்கை ஜெயம்மா வலை முடிந்துகொண்டே, "உன் ஒல்லாந்துப் பொண்டாட்டிக்கு நண்டுக் கொழம்பு வைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் நான் இரண்டு நாள் யார் பேச்சையும் சரியாக மொழிபெயர்க்கவில்லை. பட்டுத் துணிக்கு வந்த வியாபாரி மிளகை வாங்கிக்கொண்டு போனார்.

மறைக்காமல் சொல்கிறேன் மாமா, என் மனசு பாதி நேரம் ஏரியில்தான் கிடக்கும். காலையில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. தூரத்தில் பூநாரைகள் நின்றால் தண்ணீருக்கு மேலே ஓர் இளஞ்சிவப்புக் கோடு மிதக்கும், நடக்கும், உட்காரும். கடல் உப்பும் ஆற்று நீரும் கலந்த ஏரி இது, கடலென்றும் சொல்ல முடியாது, ஆறென்றும் சொல்ல முடியாது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் வினை வந்தது.

இங்கே ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். ஓலை நறுக்குகளில் ஒவ்வொருவர் அடையாளத்தையும் கீறிப் பானையில் போட்டு, குலுக்கி எடுத்து, வரிசை வைப்பார்கள். பாடு வரிசையில் பேர் இருப்பவன்தான் ஊர்க்காரன். அவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள். நேற்று அந்தக் குலுக்கல். கோட்டையின் இளைய துரை வேடிக்கை பார்க்க வந்தார். உள்ளே ஒரு வாத்தை மூன்று அதிகாரிகளுக்குப் பங்கு வைப்பதற்குள் கத்தியை உருவுகிறார்களாம், இத்தனை பேர் எப்படிச் சண்டையில்லாமல் ஏரியைப் பங்கு போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும். நான் அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது வாய்தான். மனசு பூநாரைக் கூட்டத்தோடு இருந்தது.

அப்போது திருவேங்கடம் பானையை நிறுத்திவிட்டு நேரே என் முகத்தைப் பார்த்து, "இன்னா நாகப்பா, உன் பேரையும் பாடுல போட்டுடலாமா? இங்கியே இருப்பியா, இல்ல கப்பல் ஏறிப் பூடுவியா?" என்று கேட்டார்.

மாமா, இந்த ஊருக்கு வந்த நாளாக என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. எல்லாக் கேள்வியும் என் வழியாகப் போகும், அவ்வளவுதான். வந்த ஒரே கேள்வியை நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷத்தில் துரை பக்கம் திரும்பி ஒல்லாந்தர் பாஷையில் சொன்னேன். துரை திடுக்கிட்டுத் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். அதையும் ஒரு சொல் சிந்தாமல் தமிழாக்கினேன்: "நானா? இந்த நாற்றம் பிடித்த கரையிலா? தங்கத்தைக் கொட்டிக் கொடுத்தாலும் இருக்கமாட்டேன். அடுத்த கப்பலில் போய்விடுவேன்."

திருவேங்கடம் என் பேருக்கென்று கையில் எடுத்திருந்த வெறும் ஓலை நறுக்கை இடுப்பில் செருகிக்கொண்டார். ஜெயம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியபோது குலுக்கல் முடிந்து துரை பல்லக்கு ஏறியிருந்தார். ஓடிப்போய் அது என் பேச்சு இல்லை என்று சொல்லலாம்தான். எந்த முகத்தோடு சொல்வது? வெட்கமாக இருக்கிறது மாமா, அதைவிடத் துக்கமாக இருக்கிறது. ஆகவே எண்ணெய் மண்டியே எனக்குச் சரி. எண்ணெய் யாரையும் எதுவும் கேட்காது.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு என் முத்தம், பசுவுக்கு ஒரு தடவல். உங்கள் ஆசீர்வாதம் கரைவரை வந்து என்னை இறக்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
எல்லோருக்கும் வாயாக இருக்கும்,
நாகப்பன்.

பின்குறிப்பு: வண்டி அனுப்ப வேண்டாம். காகிதத்தை மடித்துத் தோணிக்காரரிடம் கொடுக்கப் போன இடத்தில் பிரித்து எழுதுகிறேன், வேறு காகிதம் இல்லை. பெண் வீட்டாரிடம், நாகப்பனுக்கு ஏற்கெனவே ஒல்லாந்தில் ஒரு பெண்சாதி இருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள். இங்கே நம்பினார்கள், அங்கேயும் நம்புவார்கள். நடந்தது இதுதான். கரையில் ஜெயம்மா வலை உதறிக்கொண்டிருந்தாள். "தலைய ஆட்னது அந்தத் தொர. நாங்க பாத்துகினுதான இருந்தோம்? அவன் சொன்னத நீ சொன்ன. எங்க அண்ணன் அந்த ஓலைய இன்னும் இடுப்புலதான் வச்சிகினு கீது. இப்ப உன்னத்தான் கேக்கறேன், இருப்பியா, பூடுவியா?" என்றாள். நான் சட்டென்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை, ஏரி மட்டும்தான் இருந்தது. அவள் பக்கம் திரும்பி, "இருக்கேன்" என்றேன். "யாரு சொல்றது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன்.