பொட்டு வைத்த பன்னிரண்டு ஆந்தைகள்

கரண்டுக்குப் படித்தவன், படிக்காதவன் என்ற பேதம் கிடையாது. தொட்டால் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் அடிக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் இந்தத் தொழிலைப் பிடித்ததற்கு அதுதான் காரணம். கனடாவில் மொன்றியலுக்கு வந்து கோப்பை கழுவினேன். வயர் இழுக்கிறவர்களுக்குப் பின்னால் ஏணி சுமந்தேன். பிரெஞ்சில் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினேன் (எத்தனையாம் தடவை என்பது இங்கே முக்கியமில்லை). இன்று என் பெயர் எழுதிய வான் வண்டிகள் நான்கு ஓடுகின்றன. செயின்ட்-மிஷேலிலிருந்து புவாண்ட்-கிளேர் வரை நான் துளை போடாத சுவர் குறைவு.

அப்பேர்ப்பட்ட நான் கடதாசி ஆந்தைகளுக்குப் பயந்து ஓடினேன்.

என் மகள் வானதி இன்ஜினியர். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கைவேலையோடு மின்சாரம் படிப்பிக்கிறாள். பள்ளியின் செயலாளர் சிவஞானத்துக்கு அது பிடிக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தால் போதும், லைட் எரிக்க வேறு இடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. கடைசியில் கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பெற்றோர் வந்து பார்த்துக் கை உயர்த்தி முடிவெடுப்பது என்று ஆயிற்று. கை உயராவிட்டால் வகுப்பு அத்தோடு சரி. வானதி அந்த வாரம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பிள்ளைகள் செய்திருந்தது மட்டையில் வெட்டிய வெள்ளை ஆந்தைகள். வெள்ளை ஆந்தை இந்த மாகாணத்தின் பறவையாம். அவர்களே தெரிவு செய்தார்களாம். கண்ணுக்குக் குண்டுமணி அளவில் இரண்டு சிவப்பு லைட். முதுகில் பொத்தான் மாதிரி ஒரு பற்றரி. அங்கிருந்து இரண்டு செப்பு நாடாக்கள் ஏறி வந்து நெற்றியில் ஒரு மயிரிடைவெளி விட்டு நிற்கும். வெள்ளித்தாள் சுற்றிய விரலால் நெற்றியைத் தொட்டால் கண் எரியும். எடுத்தால் அணையும். பாதை மூடினால் கரண்ட் ஓடும், திறந்தால் நிற்கும். எனக்கு இதைப் புரிய வைக்க ஒரு முதலாளி எட்டு மாதம் ஏசினான். வானதி பிள்ளைகளுக்கு ஒரு பின்னேரத்தில் புரிய வைத்துவிட்டாள்.

"அப்பா, பெட்டியளை இறக்கிப் போட்டுச் சும்மா இருங்கோ. ஒண்டையும் திருத்த வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள். மேல் மண்டபத்தில் பெற்றோர் கூடித் தேவாரம் தொடங்கியிருந்தது. கீழே நானும் பன்னிரண்டு ஆந்தைகளும்.

ஆந்தை ஆகாத பறவை. அதுவும் வரிசையாகப் பன்னிரண்டு, நல்ல காரியம் நடக்கப்போகிற இடத்தில். என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: புது மெயின் பெட்டியைச் சுவரில் பூட்டினால், சுவிச் போடுமுன் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். (பிரெஞ்சுக்காரர் கேட்டால் பசை என்பேன்.) வான் வண்டியில் எப்போதும் சந்தனத் தூள் டப்பா இருக்கும். எடுத்து வந்து குழாய்த் தண்ணீரில் குழைத்தேன். ஒவ்வொரு ஆந்தையின் நெற்றியிலும் பெரிதாக ஒரு பொட்டு. இரண்டு செப்பு நாடாக்களுக்கும் நடுவில், பொட்டுக்கென்றே விட்ட மாதிரி இடம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். தேவாரம் தாலாட்டியது.

கண் விழித்தபோது இருட்டு. அந்த பேஸ்மென்டுக்கு யன்னல் கிடையாது. லைட் ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் தானாக அணையும் வகை. நானே நூறு இடத்தில் பூட்டியிருக்கிறேன். அதனால் முதலில் பயப்படவில்லை.

பிறகு எதிரே பார்த்தேன்.

சிவப்புக் கண்கள். விரலால் தொட்டால் எரிகிற பளிச்சென்ற சிவப்பு அல்ல. சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி, உள்ளுக்குள்ளிருந்து வருகிற சிவப்பு. மேசை தெரியவில்லை, மட்டை தெரியவில்லை, கண்கள் மட்டும். ஒரு சோடி மெல்ல மங்கி மூடியது. சிறிது நேரத்தில் இன்னொரு மூலையில் ஒரு கண் மட்டும் மூடியது, மற்றது என்னையே பார்த்தது. சுவருக்குள் சூட்டுக் குழாய் டொக், டொக் என்று தட்டியது. மேலே தேவாரம் நின்றிருந்தது.

ஒரு விரலும் அவற்றைத் தொடவில்லை. பாதை திறந்து கிடக்கிறது. திறந்த பாதையில் எரிந்த லைட்டை என் வாழ்நாளில் கண்டதில்லை. தொழில் தெரியாதவனாக இருந்திருந்தால் பேய் என்று உடனே ஓடியிருப்பேன். எனக்குத் தொழில் தெரிந்ததால், வேறு விளக்கமே இல்லை என்பது உறுதியாகி உறைந்துபோனேன். கையை ஆட்டினால் லைட் வரும். ஆட்டினால் அவையும் என்னைக் கண்டுவிடும். அசையாததால் இருட்டு, இருட்டால் அசையாமை. எவ்வளவு நேரமென்று தெரியாது. மூன்றாவது சோடி கண் மூடியபோது ஓடினேன். லைட் பளிச்சென்று வந்தது. நான் நிற்கவில்லை.

மேலே பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடு நின்று, "கீழ ஆந்தையள் முழிச்சுக்கொண்டு இருக்குதுகள்," என்றேன்.

எல்லோரும் இறங்கி வந்தார்கள். வெளிச்சத்தில் அவை வெறும் மட்டை. ஒருவர் என் வாயை மோந்து பார்த்தார். ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஜாக்கெட் மாட்டத் தொடங்கினாள். சிவஞானம் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னன். சைவப் பிள்ளையளின்ர கையில ஆந்தையைக் குடுக்கிற படிப்பு எங்களுக்குத் தேவையோ?"

வானதி என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது மாயா என்ற எட்டு வயதுக்காரி மேசைக்குப் போய்த் தன் ஆந்தையின் நெற்றியைத் துடைத்தாள். நன்றாக, காயும்வரை, தன் சட்டையாலேயே. மற்றவற்றைத் தொடவில்லை. பிறகு திரும்பி, "இப்ப ஒருத்தரும் அசையக்கூடாது," என்றாள்.

செத்த வீட்டில்கூட ஐந்து நிமிடம் வாய் மூடாத எங்கள் சனம், நாற்பது பேர், சிலையாக நின்றது. லைட் அணைந்தது. கண்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. மாயாவின் ஆந்தை இருந்த இடம் மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

"ஐயாவின்ர பொட்டு ஈரம்," என்றது இருட்டுக்குள் அவள் குரல். "அதுக்குள்ளால கரண்ட் கொஞ்சம் போகுது. காஞ்ச பொட்டு அணைஞ்சிட்டுது. பேய் எண்டால் என்ர ஆந்தையிலயும் இருக்கும்தானே?"

அந்த நேரம் லைட் வந்தது. யாரோ அசைந்துவிட்டார்கள். பார்த்தால், சிவஞானத்தின் கை தலைக்கு மேலே நின்றது. வியர்வை துடைக்கத்தான் தூக்கினேன் என்று அவர் இன்றுவரை சொல்கிறார். அவருடைய கையைப் பார்த்து மற்றவர்களும் தூக்க, வானதி ஒன்றும் விடாமல் எண்ணிவிட்டாள்.

வகுப்பு இன்றும் நடக்கிறது. எதற்குள்ளால் கரண்ட் போகும் என்று பார்க்கிற முதல் பாடத்தில் ஆணி, சில்லறைக் காசு, அழிறப்பர் இவற்றோடு ஈரச் சந்தனமும் உண்டு. குழைத்துக் கொடுப்பது நான். அந்தப் பதம் இந்த நகரத்தில் வேறு ஒருவருக்கும் வராது. கொடுத்ததும், லைட் அணைக்குமுன் மேலே ஏறிவிடுவேன். தெருவில் நிறுத்திய வான் வண்டியைப் பார்க்க வேண்டும் அல்லவா.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. எங்கே, எந்த லைட் அணைந்தாலும், மனைவி, மகள், மருமகன் மூவரும் ஒரே குரலில் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாமல் அசையுங்கோ."