ஒரு கரண்டி பாசிப்பொடி

பெண்டாட்டியை டாக்டரிடமிருந்து காப்பாற்றியே தீருவது என்று மா தால்சு முடிவெடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, கண்ணாடி முன்னால் நின்று எடுத்த முடிவு. துப்பியதும் மறந்துபோகிற சாதாரண முடிவில்லை. வாயைக் கொப்பளித்த பிறகும் அப்படியே இருந்தது.

மனிதருக்கு ஐம்பத்தேழு வயது. கொரியாவின் கிஜாங் துறைமுகத்தில் கடல்பாசியைக் காய வைத்து விற்கிறவர். அவருடைய அம்மா அவரைப் பெற்றதும் முதலில் குடித்தது பாசி சூப். பிறந்தநாள் தவறாமல் இவர் குடித்ததும் அதுதான். பூன்ரேயைக் கட்டி, மகள் பொமி பிறந்தபோது இருபத்தோரு நாள் வேளை தவறாமல் பெண்டாட்டிக்குக் காய்ச்சிக் கொடுத்ததும் அதுதான். உலகத்தில் தீராத சீக்கு எதுவானாலும் ஒரு கிண்ணம் பாசி சூப்பில் தீர்ந்துவிடும், தீரவில்லையென்றால் இரண்டாவது கிண்ணம் குடிக்கவில்லை என்று அர்த்தம். அது அவருடைய வைத்திய சாஸ்திரம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்தத் தாள் வந்தது.

வசந்த காலத்தில் பூன்ரேயின் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டில் புற்றுநோய் என்றார் பூசான் ஆஸ்பத்திரி டாக்டர். "இருக்கிறதுலயே நல்ல வகைதான், பயப்படாதீங்க" என்றும் சொன்னார். புற்றுநோயில் என்ன நல்ல வகை, கெட்ட வகை? தால்சு அன்றைக்குப் பயப்பட ஆரம்பித்தவர், இன்னும் நிறுத்தவில்லை. அறுத்து எடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு மருந்து வில்லை கொடுக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் இரண்டு வாரம் பத்தியம். டாக்டர் தாளை வைத்துக்கொண்டு வாசித்தார்.

"கடல்பாசி கூடாது. மீன் கூடாது. கல்லுப்பு கூடாது. கிம்ச்சி, சோயா விழுது, முட்டை மஞ்சக்கரு, பால் எதுவும் கூடாது."

"மூச்சு விடலாமா டாக்டர்?" என்று கேட்டார் தால்சு.

"விடலாம். உங்க கடைக்குள்ள மட்டும் வேண்டாம்" என்று சிரித்தார் டாக்டர்.

அப்புறம் டாக்டர் ஹார்மோன் மாத்திரையைப் பற்றியும் ஏதோ சொன்னார். தால்சு அதைக் கேட்கவில்லை. தாளில் 'கடல்பாசி' என்ற வார்த்தைக்குப் போட்டிருந்த சிவப்புப் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய பரம்பரையையே யாரோ அடித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் தெருவே கேட்கும்படி சபதம் போட்டார். "பொமி அம்மா, நீ சாப்பிடாததை நானும் சாப்பிட மாட்டேன்!"

"உங்களால முடியாது, பொமி அப்பா."

"ஏன் முடியாது?"

"போன வருஷம் சிகரெட்டை விடுறேன்னீங்க. விட்டது புகையைத்தான்."

ஆனாலும் உட்கார்ந்தார். ஒரே பானை முளைப்பயறு சூப், இரண்டு கிண்ணம். ஆஸ்பத்திரி சொன்ன உப்பு ஒரு சிட்டிகை, மேலே மிளகாய்ப்பொடி. முதல் வாய் குடித்தார். மழையில் நனைந்த குடையைப் பிழிந்து குடித்த மாதிரி இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பூன்ரே இருந்த நிலையைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. துறைமுகத்தில் ஏலக்காரனையே வாய் மூட வைத்தவள். இப்போது வெயில் அடிக்கிற மத்தியானத்தில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். முகம் உப்பிவிட்டது. 'பொமி அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தால், 'பொமி' வந்து சேர்ந்து வெகு நேரம் கழித்துத்தான் 'அப்பா' வந்தார்.

"என்னடி பண்ணுது?"

"ஒண்ணும்... இல்ல. தூக்கமா... வருது."

தால்சு இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்தினார். எல்லாம் பாசி இல்லாத குறைதான். ரத்தம் வற்றுகிறது. இப்படியே இரண்டு வாரம் போனால், மருந்து வில்லை கொடுக்க ஆளே இருக்காது.

அந்தப் பயத்தில்தான் செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. கடைக்குப் போனார். இருப்பதிலேயே தடித்த, உயர்ந்த பாசியை எடுத்து மாவாக அரைத்தார். காலியான வைட்டமின் டப்பாவில் அடைத்து, சட்டைப் பையில் ஒளித்தார். பூன்ரே சோறு எடுக்க அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, அவள் கிண்ணத்தில் ஒரு கரண்டி. குவித்து ஒரு கரண்டி. மிளகாய்ப்பொடிச் சிவப்பில் பொடி போன இடம் தெரியவில்லை. விரலில் மட்டும் வாசனை. ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, ஒன்றுமே தெரியாத முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"கையா கழுவினீங்க?" என்றாள் பூன்ரே.

"கழுவினா என்ன? சுத்தம் வேண்டாமா?"

"வேணும். முப்பத்தோரு வருஷமா... நானும் அதைத்தான் சொல்றேன்."

அவள் சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். தால்சுவுக்குக் கண் கலங்கியது. தன் சூப்பையும் குடித்துப் பார்த்தார். அட! நேற்று மாதிரி இல்லையே. தொண்டையில் இறங்கும்போதே ஒரு ருசி.

"பொமி அம்மா, இன்னைக்குக் கைப்பக்குவம் பிரமாதம்!"

"அப்படியா? நிறையக் குடிங்க."

மூன்று வேளையும் ஒரு கரண்டி. மூன்று வேளையும் கை கழுவல். மூன்று வேளையும் சூப் அமிர்தம். நாக்கு பத்தியத்துக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது கிண்ணம்கூடக் கேட்டார்.

ஐந்தாம் நாள் தாடையில் ஒரு பரு. ஆறாம் நாள் நான்கு. எட்டாம் நாள் கணக்கில்லை. சிவப்பாக, கொழுகொழுவென்று, சவரக்கத்திக்கு வழி விடாமல் உட்கார்ந்திருந்தன. கால் சில்லிட்டது. கடையில் பாசி மூட்டை மேலேயே உட்கார்ந்து தூங்கினார். கழுத்துப் பட்டனைப் போட்டால் மூச்சு முட்டியது.

தால்சு கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவினார். தொட்டுப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். வீங்கியிருக்கிறதா, இல்லையா? வீங்கியிருக்கிறது! பெண்டாட்டியிடமிருந்து ஒட்டிக்கொண்டுவிட்டது!

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். பக்கத்தில் நெத்திலிக்கடை போட்டிருக்கும் மால்சுன் அக்கா ஒரு பார்வை பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் இதே ஆபரேஷன் நடந்திருந்தது.

"என்ன தம்பி, தாடையில மட்டும் பதினாறு வயசு வந்திருக்கு?"

"சிரிக்காதீங்க அக்கா. தைராய்டு ஒட்டுவாரொட்டியா?"

"அது என்ன சொறியா, ஒட்டிக்கிறதுக்கு? பூன்ரே எப்படி இருக்கா?"

"வாடிப் போயிட்டா. பாசி உள்ள போகலைல்ல."

"பாசியால இல்ல தம்பி. ஹார்மோன் மாத்திரைய நிறுத்தச் சொல்லியிருப்பாங்க. அது நின்னா அப்படித்தான் ஆமை மாதிரி ஆயிடுவோம். மறுபடி போட்டதும் சரியாப் போகும். பத்தியம்தான் முக்கியம். அறுத்தது போக கழுத்துல மிச்சம் மீதி துணுக்கு ஒட்டிக்கிட்டிருக்கும். அதுக்கு அயோடின்னா உயிர். பாசியில இருக்கிறது பூரா அதான். ரெண்டு வாரம் பட்டினி போடணும். அப்புறம் அயோடின்லயே வெஷத்த ஏத்தி ஒரு வில்லை கொடுப்பாங்க. பசி வெறியில லபக்குனு முழுங்கிட்டுச் சாகும்."

"பட்டினி போடலைன்னா?"

"வயிறு ரொம்பினது எதைத் தின்னும்? வில்லைய ஏறெடுத்தும் பாக்காது. சீக்கு அப்படியே உக்காந்திருக்கும்."

தால்சு பாசி மூட்டை மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா விழுந்தாரா என்று மால்சுன் அக்காவுக்குத் தெரியவில்லை.

ஏழு நாள். நாளைக்கு மூன்று கரண்டி. குவித்து. பெண்டாட்டியின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும் எமனுக்கு, கையால் அரைத்து, கரண்டியால் ஊட்டி, ஒரு வாரம் விருந்து வைத்திருக்கிறார். அதுவும் கடையிலேயே உயர்ந்த சரக்கு!

டப்பாவைக் கடலில் வீசினார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரைக்கும் வந்தார். பூன்ரே கம்பளிக்குள்ளிருந்து பார்த்தாள்.

"பொமி அம்மா..."

"ம்?"

"ஒண்ணுமில்ல. குளிருதா?"

"குளிருது."

நாக்கு எழவில்லை. மறுநாளும் எழவில்லை. அன்றிலிருந்து சூப்பும் மறுபடி குடைத் தண்ணீராகிவிட்டது. பயத்தில் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பூன்ரே குடிக்கும் ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் எண்ணினார். "குடி, இன்னும் குடி, எல்லாம் வெளிய போகட்டும்" என்று வாய் தவறிச் சொன்னார். "எது வெளிய போகணும்?" என்று அவள் கேட்டபோது, அலமாரியைத் துடைக்க ஓடினார்.

பத்தியம் பழுதில்லாமல் நடந்ததா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. அந்தக் காலையில் தால்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"இன்னைக்குப் போக வேண்டாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம். எனக்கு உடம்பு சரியில்ல."

"அதான் தெரியுதே, தாடையில. வாங்க, உங்களையும்... சேத்துக் காட்டிடலாம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆமை மாதிரி ஆனவளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ. இருவரும் ஆளுக்கொரு குப்பியில் கொடுத்தார்கள், ரத்தமும் கொடுத்தார்கள். முடிவு வரும் வரை மூன்று நாள் தால்சு சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்டால், இரண்டும் இல்லை. பூன்ரேயின் கழுத்தில் இருந்த தழும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் கோடு. அதற்கு மேலே இருக்கிற முகம் இல்லாமல் இந்த வீட்டில் என்ன செய்வது என்று யோசித்தார். யோசிக்க முடியவில்லை. துணி துவைத்தார்.

மூன்றாம் நாள் டாக்டர் தாள்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"ஒருத்தருக்கு அயோடின் அடிமட்டம். இவ்வளவு ஒழுங்கா யாரும் பத்தியம் இருந்து நான் பாத்ததில்ல. இன்னொருத்தருக்கு..." என்று இழுத்தார். "இது மெஷின் காட்டக்கூடிய அளவையே தாண்டிப் போயிருக்கு."

அவ்வளவுதான். தால்சு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் டாக்டர்! நான்தான் கலந்தேன்! வேளைக்கு ஒரு கரண்டி, குவிச்சு! அவ மேல தப்பில்ல. அவளுக்குத் தெரியாது. பொமி அம்மா, உன்னக் கொன்னுட்டேன்டி!"

டாக்டர் பதறிப்போய் அவரைப் பிடித்தார். "ஐயா, எந்திரிங்க. அந்த மெஷினைத் தாண்டினது உங்க பேருலதான் இருக்கு. மா தால்சு. பருவும் அதனாலதான் இருக்கணும், சில பேருக்கு அயோடின் மிஞ்சினா அப்படிக் கிளம்பும். உங்க தைராய்டும் மூச்சுத் திணறிப் போயிருக்கு. ஒரு மாசம் பாசியை விட்டா அநேகமா சரியாயிடும், திரும்பப் பரிசோதிச்சுப் பாப்போம். அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கே வில்லை கொடுக்கலாம்."

தால்சு தரையிலிருந்தபடியே திரும்பினார். பூன்ரே கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"எப்படி... கிண்ணம்..."

"முப்பத்தோரு வருஷத்துல சாப்பாட்டுக்கு முன்னால கை கழுவாத மனுஷன், திடீர்னு சோப்புப் போட்டுக் கழுவினா, எனக்குத் தெரியாதா? பத்து வயசுலருந்து பாசி அள்ளுறவ நான். எனக்கு மோந்து பாக்கக்கூட வேண்டாம். நீங்க குழாயைத் திறந்ததும் கிண்ணத்தை மாத்தி வச்சிடுவேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா விடுவீங்களா? வேற எதுலயாவது கலப்பீங்க. பற்பசையிலகூடக் கலப்பீங்க. கிண்ணத்துல போட்டா எங்க இருக்குன்னாவது தெரியும்." அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "பருவைப் பாத்ததும் பாதியைக் கொட்டித்தான் வச்சேன். நீங்கதான் கிண்ணத்தோட அடி வரைக்கும் வழிச்சுக் குடிச்சீங்க."

தால்சு கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பருக்கள் எல்லாம் எரிந்தன. இத்தனை நாளில் அவருக்கு அன்றைக்குத்தான் பயம் விட்டது.

பூன்ரே வில்லையை முழுங்கிவிட்டு, அதன் கதிர்வீச்சு அடங்கும் வரை மூன்று நாள் தனி அறையில் இருந்தாள். ஹார்மோன் மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. உப்பிய முகம் வடிந்தது, குரல் பழைய ஏலக்குரலாகத் திரும்பியது. பத்தியம் முடிந்தது என்று டாக்டர் சொன்ன நாளில், வீட்டில் பாசி சூப் கொதித்தது. நல்லெண்ணெய் வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

பத்தியத் தாள் இப்போது தால்சுவின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. அதே சிவப்புப் பெருக்கல் குறி.

பூன்ரே மூடி போட்ட இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று அவள் பக்கம், ஒன்று இவர் பக்கம். "கரண்டியை மறந்துட்டேன்" என்று அடுப்படிக்குப் போனாள்.

தால்சு ஒரு நொடி யோசித்தார். ஒரே நொடிதான். ஒரு வாய் குடித்தால் உலகம் அழியுமா? சட்டென்று இரண்டு கிண்ணத்தையும் இடம் மாற்றினார். பூன்ரே வந்து உட்கார்ந்தாள். தால்சு மனசுக்குள் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தார்.

முளைப்பயறு.

எதிரே பூன்ரே மூடியைத் திறந்து, ஆவி பறக்கும் பாசி சூப்பை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"என்ன பொமி அப்பா, இன்னைக்குக் கை கழுவலையா?"