ஐந்து பாறையில் ஒரு நட்சத்திர மீன்

ஒரு காட்டில் என்று தொடங்கலாம்தான். ஆனால் கதை நடந்த இடத்தில் மரமே கிடையாது. வடதுருவத்துப் பக்கம், பனிமலை உருகி வழிகிற ஒரு விரிகுடாவின் அடித்தரை அது.

மலை உருகும்போது தண்ணீரோடு சேறும் வரும். மாவு சலிப்பதுபோல் நாளெல்லாம் மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். சேற்றுக்குள்ளேயே குடியிருக்கும் சிப்பிக்கு அதில் கவலையில்லை. கடல் சாமந்தி அப்படியில்லை. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அதுவும் வாயுள்ள ஜீவன். வாயைச் சேறு அடைத்தால் உயிர் போய்விடும். மேட்டுப் பாறையில் இடம் கிடைத்தால்தான் பிழைக்கும்.

ஒரு பாறையில் ஓர் இடம் காலியானது. சாமந்தி ஊர்ந்து போன வேகத்தைப் பார்த்தால் நத்தையும் சிரிக்கும். எப்படியோ போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கை மட்டும் கிடந்து நெளிந்துகொண்டிருந்தது. நட்சத்திர மீனின் கை. அந்த இனத்துக்குக் கையைக் கழற்றவும் தெரியும், மறுபடி முளைக்க வைக்கவும் தெரியும். பஸ் ஜன்னல் வழியாக நாம் துண்டு போடுகிற மாதிரி அவர்கள் கையைப் போடுவார்கள்.

"ஆள் வருது," என்றது கை.

"எப்போ வரும்?"

"வரும்."

பாறைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் சாமந்தி ஒதுங்கிக் காத்திருந்தது. சேறு இடுப்பளவு ஏறியது.

"அந்தக் கையைத் தள்ளிவிட்டுட்டு ஏறி உட்காரேன்க்கா," என்றது பக்கத்துச் சேற்றிலிருந்த சிப்பி.

"கை போட்டா போட்டதுதான்டி. நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அதைக் கேக்க நீ இருக்கணும்ல?"

கைக்குச் சொந்தக்காரர் வரவே இல்லை. எப்படி வருவார்? ஐந்து பாறையில் ஐந்து கையைப் போட்டிருந்தார். நடக்க ஒன்றும் மிச்சமில்லை. தூரத்தில் சேற்றில் வடை மாதிரி உட்கார்ந்து, எந்தப் பாறைக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சேறு சாமந்தியின் உதட்டைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து பெரிய பனிப்பாளம் ஒன்று உடைந்து விழுந்தது. மிதந்து வந்த அதன் அடிப்பாகம், தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல ஐந்து பாறைகளையும் சுரண்டிக்கொண்டு போனது. நேரத்தோடு வந்து, வரிசையில் நின்று, முறையாக இடம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் போனார்கள். கைகளும் போயின. பள்ளத்துக்குள் கிடந்த சாமந்தி தப்பியது. தண்ணீர் கலங்கிய வேகத்தில் அதன் மேலிருந்த சேறும் கரைந்து போய்விட்டது.

சாமந்தி மேலே ஏறியது. பாறை முழுக்கக் காலி.

கொஞ்ச காலம் கழித்து, புதிதாக முளைத்த குட்டிக் கைகளை ஊன்றிக்கொண்டு நட்சத்திர மீன் வந்தார். சாமந்தி நன்றியில் உருகிவிட்டது.

"அண்ணே, உங்க கை மட்டும் இங்கே கிடக்கலேன்னா நானும் மேலே உட்கார்ந்து போய்ச் சேர்ந்திருப்பேன்!"

"உனக்காகத்தாம்மா போட்டு வெச்சேன்," என்றார் கூசாமல். "கொஞ்சம் தள்ளி உட்காரு."

அத்தனை பெரிய பாறையில் சாமந்தி மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தது. அவர் உட்காரவில்லை. ஒரு கையைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு அடுத்த பாறைக்கு நகர்ந்தார்.

"ஆள் வருது," என்றது கை.

நீதி: எல்லா இடத்திலும் கை போட்டு வை, எந்த இடத்திலும் போய் உட்காராதே.