மப்பு அண்ணாவும் மாப்பிள்ளை வீட்டாரும்

வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாமலே ‘மப்பு’ என்று பெயர் வாங்கிய மனிதர் தாம்பரத்துக்குத் தெற்கே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பீர்க்கன்கரணையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர். தெருவுக்கே மப்பு அண்ணா.

பெயர் வந்த கதை எளிது. விடிந்ததும் மொட்டை மாடிக்கு வருவார். ஏரிப் பக்கம் ஒரு பார்வை, தாம்பரம் பக்கம் ஒரு பார்வை. பிறகு கீழே சமையலறையில் இருக்கும் மனைவிக்கு அன்றைய வானத்தை அறிவிப்பார். மனைவிக்கு மட்டும் கேட்கிற அளவில் பேச அவருக்கு வராது. அடுத்த தெருவில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவரும் கேட்டாக வேண்டும். பாதி நாள் அறிவிப்பு, “இன்னிக்கு மப்பு” என்பதுதான். மேகம் போட்டிருக்கிறது என்று சொல்கிறார். ஆனால் சென்னையில் அந்த வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் மேகம் ஞாபகம் வருவதில்லையே.

அவர் குடும்பம் ஒருகாலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் போட்டது. நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடியாகிவிட்டது. வானத்தைப் பற்றிய வார்த்தைகளை மட்டும் யாரும் விலைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, அப்படியே அவரிடம் தங்கிவிட்டன.

வீடு பார்க்கப் போன அன்றே எனக்குப் பரீட்சை. என்ன வேலை, எத்தனை பேர், சைவமா அசைவமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் பணிவாக, கிளைமேட் சூப்பராக இருக்கிறது என்றேன்.

“கிளைமேட்டுன்றது வருஷக்கணக்கா பார்த்துச் சொல்றது சார். நீங்க ஸ்டேஷன்லேர்ந்து நடந்து வர்றதுக்குள்ள பார்த்ததுக்குப் பேரு வானிலை” என்றார்.

அப்புறம் நான் வேர்வையைத் துடைப்பதைப் பார்த்து, இது புழுக்கமா, வெக்கையா, இறுக்கமா என்று கேட்டார். பிறகு அவரே, காற்று நின்றுபோனால் இறுக்கம், உடம்பு கசகசத்தால் புழுக்கம், தரையிலிருந்து சூடு மேலே அடித்தால் வெக்கை என்று விளக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். எனக்கு மூன்றும் சேர்ந்தே இருந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

இவ்வளவு தெரிந்தவர் சொன்னால் சொன்னபடி மழை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வார்த்தையில் அவர் புலி, ஜோசியத்தில் பூஜ்யம். அவர் “பெய்யாது” என்றால் என் மனைவி ஓடிப்போய்க் கொடியில் இருக்கும் துணியை எடுத்துவிடுவாள். “கொட்டப் போவுது” என்றால் தைரியமாக வடாம் பிழியலாம். ஒருமுறை, நேராக விழுந்தால் தூறல், காற்றோடு சாய்ந்து அடித்தால் சாரல் என்று அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.

அவருக்கு ஒரே பெண். பெருங்குடியில் வேலை. பொழிச்சலூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போய்விட்டது, பெரியவர்கள் வந்து பார்ப்பதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். மாடி வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் கூடத்தில் ஒரு நாற்காலியில் இருந்தேன்.

வந்தவர்கள் முகம் சரியில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் வழி கேட்டிருக்கிறார்கள். “மப்பு அண்ணா வூடா? காலங்காத்தால மாடியில நின்னு கத்திகினு இருந்தாரே, அந்தப் பச்சை கேட்டு” என்று அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அண்ணா பதற்றமாக இருந்தார். பதற்றம் வந்தால் அவருக்குப் பேச ஒரே விஷயம்தான்.

“காலையிலேர்ந்து ஒரே மப்புங்க. நேத்தே லேசா இருந்துச்சு, இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சிடும், கவலைப்படாதீங்க.”

பையனின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“என் தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவ நான். தெரிஞ்சே மறுபடி அந்தக் கஷ்டத்துக்குள்ள போக என்னால முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க” என்று எழுந்துவிட்டார்.

அண்ணாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடைமழைக்கும் கனமழைக்கும் வித்தியாசத்தை அரை மணி நேரம் பேசுகிறவர், ‘நான் குடிக்கிறதில்லை’ என்று சொல்ல முடியாமல் கண் கலங்கி நின்றார். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

பெண்தான் உள்ளேயிருந்து வந்தாள். “ஆன்ட்டி, ஒரு நிமிஷம் மாடிக்கு வாங்க. எங்கப்பா எதை மப்புன்னு சொல்றாருன்னு நீங்களே பாருங்க” என்று அந்த அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

ஏரிக்கு மேலே வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்த அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். முகம் மெல்ல மெல்ல இளகியது. பிறகு, “எங்க பக்கம் இதை மந்தாரம்னு சொல்லுவோம்” என்றார்.

அண்ணாவுக்கு உயிர் திரும்பியது. “இல்லீங்க, மந்தாரம் வேற. அது நாள் பூரா அசையாம நிக்கும், வெளிச்சம் மங்கிப்பூடும். இது பாருங்க, நகர்ந்துகினே கீது. இது மப்புதான். பெய்யாமலே போயிடும்.”

சொல்லி முடிக்கவில்லை, கொட்டியது.

எல்லாரும் கீழே ஓடினோம். தெருவில் கணுக்கால் தண்ணீர். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வரை கிளம்ப முடியவில்லை. அண்ணாவின் மனைவி அவசரமாகச் சாம்பார் வைத்து அப்பளம் பொரித்தார். அந்த அம்மாவும் அண்ணாவும் சாப்பாட்டுக்கு நடுவில்கூட மந்தாரத்தை விடவில்லை. மழை ஓய்வதற்குள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கிளம்பும்போது அண்ணா, “இனிமே பெய்யாதுங்க சம்பந்தி” என்று வழியனுப்பினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, ஒரு குடை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது நாங்கள் அஸ்தினாபுரத்தில் இருக்கிறோம். ரயிலில் சில ஸ்டேஷன்தான் தள்ளி. இரண்டு ஊருக்கும் ஒரே வானம்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சில நாள் காலையில் போன் வரும்: “அங்க எப்படி கீது சார்?” கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய், அண்ணாந்து பார்த்து, சரியான வார்த்தை கிடைக்கும்வரை யோசித்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்கிறேன்.