இரைப்பைக்குப் பட்டுத் தையல்

ஆரணியில் ஆட்டு இரைப்பைக்குத் தையல் போட்டவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால், கால்நடை மருத்துவர்களுக்கு அடுத்தபடியாக என் பெயர் வரும். அவர்கள் ஆட்டைப் பிழைக்க வைக்கத் தைத்திருப்பார்கள். நான் கொத்துக்கறி அடைத்து வேகவைக்கத் தைத்தேன். நான் பிழைத்ததே பெரிய விஷயம்.

காரணம் என் மாமனார். அவர் சம்மதம் இல்லாமல் நானும் சங்கீதாவும் கல்யாணம் செய்துகொண்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார். நான் தேசூர்க்காரன், வேறு சாதி, ஒரு நாளிதழுக்கு இந்தப் பக்கத்துச் செய்திகளை அனுப்புகிறவன். அவர் சண்டை எதுவும் போடவில்லை. என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அவர் வீட்டுக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பேன். "அவருக்கு டீ வேணுமாம்மா?" என்று மகளைக் கேட்பார். அவள் என்னைக் கேட்பாள். என் பதிலை அவள் அவரிடம் சேர்ப்பாள். மூன்றடி தூரத்துக்கு ஒரு நிருபர் தேவைப்பட்டார்.

எங்கள் வீட்டில் அவர் கை நனைத்ததே இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினார். இந்த ஒரு வேளை நல்லபடியாக முடிந்தால் அப்பா பேசிவிடுவார் என்றாள் சங்கீதா. கூடவே ஒரு தகவலும் சொன்னாள். வேலூரில் சிநேகிதர் வீட்டில் எப்போதோ சாப்பிட்ட, கொத்துக்கறி அடைத்த இரைப்பையைப் பற்றி அவர் இன்னும் பேசுவாராம். சுத்தம் செய்கிற வேலைக்குப் பயந்து மாமியார் அதைச் செய்ததே இல்லையாம். கோழிக் குழம்பு வைத்தால் போதும் என்றுதான் சங்கீதா முடித்தாள். அதை நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிறு காலை கறிக்கடை பாய் ஒரு முழு இரைப்பையைப் பையில் போட்டுக் கொடுத்தார். யார் சமைக்கப் போவது என்று கேட்டார். நான்தான் என்றேன். பையைத் திரும்ப வாங்கி, இரைப்பையைத் தானே ஒருமுறை நன்றாகக் கழுவிக் கொடுத்தார். (அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.)

சங்கீதா அப்பா அம்மாவை அழைத்துவரக் கிளம்பியதும் வேலையைத் தொடங்கினேன். கைப்பேசியில் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னதால் மூன்றையும் செய்தேன். இரைப்பையின் உள்பக்கம் பழைய டர்க்கி டவல் மாதிரி இருந்தது. சுண்ணாம்பு தடவி, வெந்நீர் ஊற்றி, கத்தியால் சுரண்டியும் வாசனை போகவில்லை. அதனால் வேகவைக்கக் குக்கரில் ஊற்றியிருந்த தண்ணீரில் ஆறு எலுமிச்சம்பழங்களைப் பிழிந்தேன். கொத்துக்கறி, வெங்காயம், மிளகு, கொத்தமல்லி எல்லாம் அடைத்தாயிற்று. தைக்க நூல் வேண்டும்.

வீட்டில் இருந்தது பாலியஸ்டர் நூல். குக்கர் சூட்டில் உருகி உணவில் கலந்துவிடும் என்று யோசித்தேன். தீர விசாரிக்கிற தொழில் அல்லவா? அலமாரியில் ராணிக் கலரில், அதாவது கண்ணைப் பறிக்கும் அடர் ரோஜாவில், ஒரு சிட்டம் பட்டு நூல் இருந்தது. சங்கீதா வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறாள். புதுக் கலர் போட்டால் போட்டோ எடுக்க மாமனார் சாம்பிள் நூல் அனுப்புவார். பட்டு உருகாது, எளிதில் அறாது. அதோடு, மாமனார் கையால் சாயம் போட்ட நூலில் மாப்பிள்ளை தைத்த விருந்து! கேட்டால் நெகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். நான்கு இழை சேர்த்துத் தைத்தேன்.

எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். சமையலறையிலேயே திறந்து பார்த்திருக்கலாம். நான் குக்கரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, மாமனார் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன்.

ஆவி விலகியது. உள்ளே முகூர்த்தப் புடவைக் கலரில் ஒரு மூட்டை இருந்தது. தண்ணீரும் அதே கலர்.

மாமனார் கறியைப் பார்க்கவில்லை, கலரைப் பார்த்தார். அந்தக் கலர் அவருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் சாயம் போகாது என்பது ஊரில் அவர் வைத்திருக்கும் ஒரே பெருமை.

"ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தீங்களே, நம்ப சாயம் போவாதுன்னு," என்றார் மாமியார். "குக்கர்ல போயிகினு கீது பாருங்க."

"சும்மா இரு. சங்கீதா, இன்னா நூலும்மா இது?"

நேற்று அவர் கொடுத்தனுப்பிய சாம்பிள் நூல் என்றாள் சங்கீதா. அவள் என்னைப் பார்த்த பார்வையைச் செய்தியாக எழுதினால் பிரசுரிக்க மாட்டார்கள்.

"அது அலசாத நூலு. கலர் பாக்கத்தான் குடுத்தேன்," என்றார். மூட்டையின் ஓரத்தை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"எலுமிச்சம்பழம் எத்தினி புழிஞ்சீங்க, மாப்ளே?"

ஒன்றரை வருடத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. வழக்கப்படி சங்கீதாவைப் பார்த்தேன்.

"அவள இன்னாத்துக்குப் பாக்கறீங்க? உங்களத்தான் கேக்கறேன்."

"ஆறு, மாமா."

"கொதிக்கிற தண்ணி, புளிப்பு, அலசாத நூலு. பட்டறைல நாங்க செய்யற அதே வேலய செஞ்சிகிறீங்க. நூல்லேர்ந்து எறங்கினது இதுல ஏறிகினுகீது."

சொல்லிவிட்டு அந்த மூட்டையை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். சாப்பிட வந்த மனிதர், துணி சோப்பு கேட்டு வாங்கி, இரைப்பையை நுரை பொங்கத் துவைத்தார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். மூன்றாவது தண்ணீர் தெளிவாக ஓடியது. இரைப்பை அதே ராணிக் கலரில் மின்னியது. மாமியாருக்குத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப சொல்லு. போவுதா?"

சாயத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று அவரே உத்தரவு போட்டார். ரசமும் முட்டைப் பொரியலும்தான் விருந்து. கை நனைத்தார், இரண்டாம் முறை சோறும் கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடிக்கும்வரை எந்தக் கலருக்கு எவ்வளவு புளிப்பு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சங்கீதாவுக்கு வேலை போய்விட்டது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் "பட்டறையில லீவு உட்டா மாப்ள, வீட்டு அடுப்புல சாயம் போடுவாரு" என்று என்னை அறிமுகம் செய்வார். யாராவது சிரிக்காமல் இருந்தால் முழுக்கதையையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் எலுமிச்சம்பழம் இரண்டு கூடும்.

அந்த வருடத் தீபாவளிக்குத் தன் பட்டறை நூலில் நெய்து தைத்த பட்டுச் சட்டை கொடுத்தார். அதே ராணிக் கலர். நன்றாக அலசிய நூல், பயப்படாமல் துவைக்கலாம் என்றார். நம்பி வாஷிங் மெஷினில் போட்டேன்.

என் பனியன்கள் எல்லாம் இப்போது வெளிர் ரோஜா நிறம். அப்பா வருகிற வண்டிச் சத்தம் கேட்டால் போதும், சங்கீதா ஓடிப்போய்க் கொடியிலிருந்து அவற்றை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.