கோழிப் பொதியின் பின்பக்கம்

நல்லபடியாகப் போகிற காரியத்தைக் கெடுக்க வீட்டில் அரைகுறையாகப் படித்த ஒருத்தி இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்தான்.

அன்று அக்காவைப் பெண் பார்க்கக் கொத்மலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கண்டிப் பக்கம் கம்பெனி வேலை என்று தரகர் சொன்னதோடு சரி. என்ன கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. (கம்பெனி என்ற சொல்லிலேயே அம்மாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது.) ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டாரும் பதிலே சொல்லவில்லை. போட்டோ பார்த்ததிலேயே இந்த வரன் அக்காவுக்கும் பிடித்திருந்தது. கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

அப்பா மேல் லயத்து வீடொன்றில் ஒரு கோழிக்குச் சொல்லிவைத்திருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விருந்துக் கோழி என்றால் காலையில் கொக்கரிக்கும், மத்தியானம் குழம்பில் கிடக்கும். நான் விடுவேனா? அப்போதுதான் உணவுப் பாதுகாப்பு பற்றி மூன்று மாத வகுப்பு முடித்திருந்தேன். உலகத்தில் யாருக்கும் சாப்பிடத் தெரியவில்லை என்ற கவலையில் இருந்த காலம். அப்பாவிடம் சண்டை போட்டுத் தலவாக்கலை டவுனுக்குப் போனேன். ‘ஹோர்மோன் சேர்க்காதது’, ‘இயற்கையானது’ என்று பச்சை நிறத்தில் கொட்டை எழுத்துப் போட்ட இரண்டு பொதிகளோடு, பரிசு வென்றவள் மாதிரி பஸ்ஸில் திரும்பினேன்.

அக்கா வழக்கமான கையளவில் உப்பைப் போட்டுக் குழம்பு வைத்தாள். ருசி பார்ப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்துவிட்டது.

முதல் வாய்க்கே மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கேட்டார். அடுத்து மாப்பிள்ளையின் தம்பி. அதற்குப் பிறகு செம்பு கீழே இறங்கவே இல்லை. சமைத்தது யார் என்று அந்த அம்மா மெதுவாக விசாரித்தார். பொண்ணுதான் என்று எங்கம்மா முன்கூட்டியே பெருமையடித்திருந்ததால் தப்பிக்க வழியில்லை. அக்கா கதவோரம் முகம் செத்து நின்றாள்.

கோழியின் தரத்தை எடுத்துச் சொன்னால் பேச்சு மாறிவிடும் என்று என் மூளைக்குத் தோன்றியது. குப்பையிலிருந்து உறையை எடுத்து, கழுவி, சபை நடுவே பிடித்துக்கொண்டு ஹோர்மோன் பற்றிப் பிரசங்கம் செய்தேன். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார்.

“எந்தப் பண்ணையிலயும் கோழிக்கு ஹோர்மோன் குடுக்கிறதில்லங்க. குடுக்காததக் குடுக்கலன்னு எழுதுறதுல என்ன கஷ்டம்?” என்றவர், உறையை வாங்கித் திருப்பினார். “பின்னால வாசிச்சீங்களா?”

வாசிக்கவில்லை. அங்கே மூன்று மொழியிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது: கோழி இறைச்சி, தண்ணீர், உப்பு.

“இது உப்புத்தண்ணி ஏத்தின கோழி. பாரமும் கூடும், கறியும் காயாது. நான் வேலை செய்றதே கோழி பொதி பண்ற எடத்துலதான்.” பிறகு தன் அம்மா பக்கம் திரும்பினார். “அந்தப் புள்ள அளவாத்தாம்மா போட்டிருக்கு. அதுக்கு முன்னாடியே கம்பெனிக்காரன் போட்டுட்டான்.”

அந்த அம்மா சிரித்தேவிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார், வெறும் பருப்போடு. அக்கா அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள், மாப்பிள்ளையைத்தான். என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி.

ஆறு மாதத்தில் கல்யாணம் முடிந்தது. இப்போது எனக்கு வரன் தேடுகிறார்கள். எந்தப் பையனின் போட்டோ வந்தாலும் அத்தான் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. திருப்பிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் வாசிப்பார்.

“என்ன மாப்ள போட்டிருக்கு?” என்பார் அப்பா.

“பையன் பரவால்ல மாமா. உப்புதான் கொஞ்சம் கூட.”