களை மன்றத்தின் ஓவிய வகுப்பு

ஓவியக் கலை எந்த நாட்டில் பிறந்தது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கே பிறந்திருந்தாலும் சரி, அது மறுபிறவி எடுத்தது 1984இல், மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே எங்கள் சுங்கை பாயோங் தோட்டத்தில்தான். உபயம்: கலை மன்றத் தலைவர், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி திரு. சிவானந்தம். செயலாளர் நான் என்பதால் இதை அடக்கத்தோடு சொல்கிறேன்.

ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு. தலைவர் ஒரு பலகையை மாங்காய் வடிவில் அறுத்து, கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டு, 'வண்ணத் தட்டு' செய்திருந்தார். அதை ஏந்தி நின்றால் பெரிய ஓவியர்களும் தோற்றுப்போவார்கள். அவர் வரையத் தொடங்காதவரை.

"நீலமும் மஞ்சளும் சேர்ந்தா பச்சை. பச்சையோட சிவப்பு சேர்ந்தா?"

"சாணி, அண்ணே," என்றாள் அமராவதி.

"அதுக்குப் பேரு பிரவுன், தங்கச்சி. கலையில சாணி கிடையாது."

அமராவதி தோட்டத்தில் களையெடுப்பவள். சாயம் கலக்கத் தெரிந்தால் வேலை தருவதாகச் செகிஞ்சானில் பெயர்ப்பலகை எழுதும் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வெயிலிலிருந்து தப்பிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி எங்கள் வகுப்பு.

சில மாதங்களில் மன்றத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை தேவைப்பட்டது. நிறத்தை முடிவு செய்யவே கூட்டம்மேல் கூட்டம். பச்சை ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி, சிவப்பு என்றால் கம்யூனிஸ்ட் என்று போலீஸ் வரும். கடைசியில் பிரவுன் ஏகமனதாக நிறைவேறியது. எழுத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. தலைவரே தம் திருக்கரத்தால் எழுதினார்: 'களை மன்றம்.'

"அண்ணே, இது புல்லு புடுங்குற களை லா," என்றாள் அமராவதி.

தலைவர் அசரவில்லை. "முகத்துல களை இருக்குன்னு சொல்றதில்லையா? கலைக்கே களை வேணும்!"

கைதட்டினோம்.

திறப்பு விழாவுக்கு வந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. பெரிய கிராணி செல்லையா பலகையைப் படித்து, உள்ளது உள்ளபடியே மொழிபெயர்த்தார். மேனேஜர் நெகிழ்ந்துபோனார். லீவு நாளில் சம்பளம் இல்லாமல் களையெடுக்கச் சங்கம் வைத்தவர்களை அவர் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லையாம். நாங்கள் கேட்டிருந்த சாயப் பெட்டிகளுக்குப் பதிலாக மண்வெட்டிகள் வந்து இறங்கின.

"எழுத்துப் பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே," என்று அமராவதி கெஞ்சினாள்.

"மேனேஜர் முன்னாடி தமிழை அவமானப்படுத்தச் சொல்றியா?" என்று சீறினார் தலைவர்.

அடுத்த ஞாயிறு முதல் வகுப்பு செம்பனைக் காட்டில் நடந்தது. தலைவர் வண்ணத் தட்டோடு நிழலில் நின்று, "பாருங்க, எத்தனை விதமான பச்சை!" என்று விளக்கினார். நாங்கள் அத்தனை பச்சையையும் பிடுங்கினோம்.

ஒருநாள் அமராவதி மண்வெட்டியைக் கீழே போட்டாள். "வாரம் பூரா சம்பளத்துக்குப் புடுங்குறேன். ஞாயித்துக்கிழமையும் உங்க ஒரு எழுத்துக்காகப் புடுங்கணுமா?" என்று கேட்டுவிட்டு, நேரே செகிஞ்சான் பஸ் ஏறினாள். கடைக்காரர் கேட்ட நிறங்களை அவர் கண்ணெதிரே கலக்கிக் காட்டி, அன்றே வேலையில் சேர்ந்துவிட்டாள்.

மன்றம் அவசரமாகக் கூடி, "கலை உணர்வு அற்றவர்" என்று அவளை நீக்கியது. தீர்மானத்தை எழுதியவன் நான்தான். 'உணர்வு'க்கு எந்த 'ண' என்று தலைவரைக் கேட்டுக்கொண்டு.

தமிழுக்காக எதையும் கொடுப்பேன் என்று தலைவர் இன்றும் மேடையில் முழங்குகிறார். பொய்யில்லை. கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை.